கேட்கும் காதும் டி.சி. எழுதும் கையும்

மார்த்தாண்டம் பக்கத்தில் ஜூன் மாதம் மழை பிடித்தால் ரப்பர் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் ஃபீஸ் இல்லை, சில வீடுகளில் மதியச் சாப்பாடும் இல்லை. நான் எட்டாம் வகுப்பு படித்த கன்னியர் பள்ளியில் ஒரு சிஸ்டர் மதிய வேளையில் வராந்தாவில் சும்மா நடப்பதுபோல் நடப்பார். மூடி திறக்காத டிபன் பாக்ஸ் அவர் கண்ணுக்குத் தப்பாது. “மக்களே, சாப்பிட்டியா?” அவ்வளவுதான் கேள்வி. மறுநாள் மடத்து அடுக்களையிலிருந்து ஒரு வாழையிலைப் பொதி என் பைக்குள் இருக்கும். யார் வைத்தது என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

கத்தோலிக்கப் பள்ளிகளின் மெய்யான பலம் அந்த வராந்தா நடைதான் என்று நினைக்கிறேன். நல்லொழுக்க வகுப்பு அல்ல. அந்த வகுப்பு நேரம் பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்கு டீச்சரிடம் போய்விடும். பிள்ளை தவறிய பிறகு தண்டிப்பதைவிட, தவறாதபடி முன்பே கூட நிற்பது மேல் என்று சலேசிய சபையைத் தொடங்கிய தொன் போஸ்கோ 1877இல் எழுதினார். உடல், அறிவு, ஒழுக்கம் எல்லாம் சேர்ந்து வளரவேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி அறிக்கையும் சொன்னது. எங்கள் சிஸ்டர் இவற்றை எந்த அளவுக்குப் படித்திருந்தாரோ தெரியாது, டிபன் பாக்ஸைப் படிக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் பலத்துக்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். 2011 கணக்கெடுப்பில் எங்கள் குமரி மாவட்டத்தில் 100க்கு ஏறக்குறைய 47 பேர் கிறிஸ்தவர்கள். 1930இல் உருவான கோட்டாறு, 1996இல் வந்த மார்த்தாண்டம் மலங்கரை, அதே ஆண்டு வந்த தக்கலை சீரோ மலபார், 2014இல் பிரிந்த குழித்துறை என்று இத்துணூண்டு மாவட்டத்துக்குள் நான்கு கத்தோலிக்க மறைமாவட்டங்கள். பல இடங்களில் பள்ளியும் கோயிலும் ஒரே வளாகம். பள்ளித் தாளாளரே பங்குத்தந்தையாகவும் இருப்பார். நகரத்து மனநல ஆலோசகர் மூன்று அமர்வுகளில் கேட்டு வாங்கும் விவரம், ஞாயிறு பூசை முடிந்து படி இறங்குவதற்குள் சிஸ்டருக்குக் கிடைத்துவிடும்.

உதவி வரும் அதே பாதையில்தான் ரகசியமும் வெளியே போகிறது. அப்பா குடித்துவிட்டு அம்மாவின் சீட்டுப் பணத்தை எடுத்ததை நான் ஒருநாள் சிஸ்டரிடம் அழுதுகொண்டே சொன்னேன். பங்கின் அக்கம்பக்க ஜெபக்குழுவான அன்பியத்தின் அடுத்த கூட்டத்தில் எங்கள் குடும்பத்தின் சமாதானத்துக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அம்மா இரண்டு மாதம் கூட்டத்துக்குப் போகவில்லை. என் பக்கத்தில் இருந்த இந்துத் தோழி இதே விஷயத்தைச் சொல்லியிருந்தால் இப்படிப் பரவியிருக்காது. அவள் அம்மா அன்பியத்தில் இல்லை. ஆனால் அவள் பைக்குப் பொதியும் அவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

அன்பின் அளவில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆளைப் பிரிக்காததுதான் குறை. பிள்ளையின் துக்கத்தைக் கேட்பவரே ஃபீஸ் பாக்கியைக் கேட்கிறார், தேவைப்பட்டால் டி.சி.யும் அவர்தான் எழுதுவார். வேடிக்கை என்னவென்றால் இந்த ஆபத்தைத் திருச்சபை எப்போதோ கண்டுகொண்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 985ஆம் விதிப்படி, குருமடத்தின் அல்லது கல்வி நிலையத்தின் அதிபர் தம்முடன் ஒரே இல்லத்தில் தங்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக்கூடாது; மாணவரே விரும்பிக் கேட்டால் மட்டும் விலக்கு. ஆள்பவர் காதில் விழுந்தது ஆட்சிக்குப் பயன்பட்டுவிடும் என்ற பயமே காரணம் என்பதை 984ஆம் விதி காட்டிக்கொடுக்கிறது. பாவத்துக்கு இவ்வளவு காவல் போட்டவர்கள், பகல் பள்ளிக்கு வரும் பிள்ளையின் துக்கத்துக்கு ஏன் போடவில்லை?

வெளியே இருந்து வரும் கட்டுப்பாடும் அரைகுறைதான். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்வது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்கு அந்த விலக்கு கிடையாது: பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். ஆகவே கேட்பவர் எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று பிள்ளையிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும். 2025 ஜூலையில் சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது வேண்டும் என்றது. மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பதையும் பலர் முன் அவமானப்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்கச் சொன்னது. ஆனால் மே மாதத்து ஃப்ளெக்ஸ் போர்டுகள், அரசு 2017இல் பொதுத்தேர்வுத் தரவரிசையை நிறுத்திய பிறகும், அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் சிரித்த முகங்களோடு ரோட்டோரம் நிற்கின்றன.

ஆலோசகரை வைத்தால் தீர்ந்துவிடுமா? நான் பார்த்த ஒரு பள்ளியில் ஆலோசகர் அறை தலைமையாசிரியர் அறையை ஒட்டி இருந்தது. உள்ளே போகும் பிள்ளையை ஆபீஸ் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் பார்க்கலாம். அவருக்குச் சம்பளம் தருபவரும் தாளாளர்தான். ஒரே மறைமாவட்டத்தின் நாலைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக, எந்தத் தாளாளருக்கும் கீழ்ப்படாத ஒருவரை அனுப்பலாம். அதற்காக வராந்தா நடையை நிறுத்தவும் கூடாது. பசியைக் கண்டுபிடிக்க வெளியாளால் ஆகாது.

அந்த ஜெபத்துக்குப் பிறகும் சிஸ்டர் வருஷம் முழுக்க என் மேஜையருகே நின்று, “சாப்பிட்டியா மக்களே?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டிபன் பாக்ஸ் காலியாக இருந்த நாட்களிலும், “சாப்பிட்டேன் சிஸ்டர்” என்றேன்.