சொல்றாக

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது ஊர் வழக்கம் ஒன்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கோயிலில் யாருக்கு முதலில் திருநீறு, சாமி ஏன் அந்தத் தெருவுக்குள் போகாமல் திரும்புகிறது, எதுவானாலும் சரி. 'அப்படித்தான் சொல்றாக' என்பார். யார் சொல்றாக? உங்களை ஒரு மாதிரி பார்ப்பாரே தவிர, பதில் வராது. அவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் 'தோன்றா எழுவாய்' படித்திருப்பீர்களே, அது. வினை இருக்கிறது, மரியாதை விகுதிகூட இருக்கிறது, ஆளைத்தான் காணோம்.

ஸ்டான்லி மில்கிராம் எழுதிய 'ஒபீடியன்ஸ் டு அதாரிட்டி' (1974) புத்தகத்தை மறுபடி படித்தபோது, பக்கத்துக்குப் பக்கம் இந்த 'சொல்றாக' குறுக்கே வந்தது. மனிதன் ஏன் கீழ்ப்படிகிறான் என்பதைப் பற்றி வந்த புத்தகங்களில் இதுதான் பிரபலம். அருமையான புத்தகம். ஆனால், நம் பக்கம் கொண்டுவந்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

சோதனையைக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: 1961, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். ஞாபகசக்தி ஆராய்ச்சிக்கு ஆள் தேவை என்று பேப்பரில் விளம்பரம். ஒரு மணி நேரத்துக்கு நாலு டாலர், போக்குவரத்துக்கு 50 சென்ட். வந்தவர் 'வாத்தியார்'. அடுத்த அறையில் நாற்காலியோடு கட்டப்பட்டவர் 'மாணவர்'. தப்பாகப் பதில் சொன்னால் ஸ்விட்சைத் தட்டி ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டிலிருந்து 450 வரை முப்பது ஸ்விட்ச். ஷாக் பொய், அலறல் நடிப்பு. வாத்தியாருக்கு மட்டும் அது தெரியாது. தயங்கினால், சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருத்தர் 'தொடருங்கள்' என்பார். துப்பாக்கி இல்லை, மிரட்டல் இல்லை. 40 பேரில் 26 பேர் கடைசி ஸ்விட்ச் வரை போனார்கள். மனநல டாக்டர்களிடம் கேட்டபோது, ஆயிரத்தில் ஒருவர்தான் கடைசிவரை போவார் என்று கணக்குச் சொல்லியிருந்தார்கள்.

'நானாக இருந்தால் இத்தனை வோல்ட்டில் எழுந்து போயிருப்பேன்' என்று மனசுக்குள் ஒரு நம்பர் நினைத்துக்கொண்டீர்கள் அல்லவா? எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மில்கிராம் இதை விதவிதமாக மாற்றிப் பார்த்தார். அந்த அட்டவணைகள் தங்கம். அவற்றுக்கு அவர் தருகிற விளக்கம்தான் எனக்கு உறைக்கவில்லை. கோட்டு போட்டவர் முன்னால் மனிதன் தன் மனசாட்சியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் ஏவலாள் ஆகிவிடுகிறானாம். பிற்பாடு ஜினா பெர்ரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் பழைய ஒலிநாடாக்களைக் கேட்டு, 2012-ல் ஒரு புத்தகம் போட்டார். கோட்டுக்காரர் எழுதிக் கொடுத்த வசனத்தோடு நிற்கவில்லை, விடாமல் நச்சரித்தார், வந்தவர்களில் பலருக்கு ஷாக் மேலேயே சந்தேகம் என்றெல்லாம் அதில் வந்தது.

எனக்குச் சுவாரஸ்யம் அந்த எழுதிக் கொடுத்த வசனம். மொத்தம் நாலு. முதலாவது, தயவுசெய்து தொடருங்கள் என்பது. அடுத்த இரண்டும் ஆராய்ச்சிக்கு இது தேவை, ரொம்ப முக்கியம் என்பவை. நாலாவதுதான் அசல் அதட்டல்: உங்களுக்கு வேறு வழியில்லை, செய்தே ஆக வேண்டும். 2000-களில் கலிஃபோர்னியாவில் ஜெர்ரி பர்கர் இதே சோதனையை அடக்கமாகத் திரும்பச் செய்தார். நாலாவது வசனத்தைக் கேட்டவர்களில் ஒருவர்கூடத் தொடரவில்லை. கவனியுங்கள். உத்தரவு மாதிரி இருந்த ஒரே வாக்கியத்துக்குத்தான் யாரும் கீழ்ப்படியவில்லை!

யேலுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போகாமலே இதைப் புரிந்துகொள்ள நம் பக்கத்தில் ஆவணம் உண்டு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் (சிவகங்கைச் சீமையும் அப்போது அதில்தான்) ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 சென்ஸஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் சாதியைப் பற்றிய தன் புத்தகத்தில் இதைப் பதிந்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டம்தான். பெண்கள் பூ வைக்கக் கூடாது, ரவிக்கை போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. ஆறு மாசம் கழித்து இன்னொரு பட்டியல், இந்த முறை பதினொன்று.

இதைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். சட்டை போடாதே என்று எப்போது சொல்வார்கள்? ஒருத்தன் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் வந்த பிறகு. எல்லோரும் பணிந்து கிடந்த காலத்தில் பட்டியலே தேவைப்படவில்லை, 'சொல்றாக' போதுமாயிருந்தது. பட்டியல் எட்டிலிருந்து பதினொன்றானது, முதல் எட்டும் பலிக்கவில்லை என்பதற்குச் சாட்சி. அதாவது நாலாவது வசனம். இங்கே அது தீப்பந்தத்தோடு வந்தது.

ஆளும் கையெழுத்தும் உள்ள அதிகாரத்தோடு மனிதனுக்கு மல்லுக்கட்டத் தெரியும். செட்டிநாட்டுக்காரர்களுக்கு அது பழக்கம்தான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இன்னொருவர் கடைக்கு ஏஜெண்டாகப் போனவர்கள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்குக்குப் போனார்கள். கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக அதிகாரம். எல்லாம் கடுமைதான். ஆனால், முதலாளி கடுதாசியின் அடியில் கையெழுத்து இருக்கும். பிடிக்கவில்லையா, கணக்கை முடித்துக்கொண்டு கப்பலேறலாம். 'சொல்றாக'வுக்கு எந்தக் கப்பல்?

தேவகோட்டை பக்கத்தில் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில், ஆனி மாசம் தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை என்று நாலு நாட்டுக்காரர்களுக்கு மரியாதை. நாங்களும் வடம் பிடிப்போம் என்று தலித்துகள் கேட்டதும் 1998-லிருந்து தகராறு. ஹைகோர்ட் உத்தரவு போட்டது. நீதிபதி பெயர், தேதி, முத்திரை எல்லாம் உள்ள உத்தரவு. அது ஒரு பக்கம். மறுபக்கம் எழுதாத, கையெழுத்தில்லாத வழக்கம். வருஷக்கணக்கில் எது ஜெயித்தது என்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் சில வருஷம் போலீஸ் காவலோடு தேர் நகர்ந்தது. பிறகு அதுவும் நின்றது. திருப்பணி, தேர்ப் பழுது என்று காரணங்கள். தேர் மறுபடி ஓடியது 2024 ஜூனில், ஏறக்குறைய 17 வருஷம் கழித்து.

மில்கிராமின் பேர்பெற்ற 26-ஐ விட என்னை உலுக்கியது இன்னொரு எண். ஒரு மாற்றத்தில் வாத்தியார் ஸ்விட்சைத் தட்ட வேண்டாம். அதை வேறொருவர் செய்வார். இவர் கூடமாட உதவி செய்தால் போதும். அலறலெல்லாம் அப்படியே கேட்கும். 40 பேரில் 37 பேர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு யோசியுங்கள். 1996-லிருந்து பத்து வருஷம், தலித்துகளுக்கு ஒதுக்கிய மதுரை மாவட்டப் பஞ்சாயத்துகள். தேர்தல் நடக்காது, நடந்தால் ஊர் நிறுத்திய ஆள் ஜெயிப்பார், பதவியேற்பார், உடனே ராஜினாமா செய்வார். 'ஏனய்யா கீழ்ப்படிந்தாய்?' என்று அவரைக் கேட்பது அநியாயம். அவருடைய கூலி, வீடு, பிள்ளைகளின் உயிர் எல்லாம் அங்கே மாட்டியிருந்தன. கேட்க வேண்டியது மற்ற 37 பேரை. ராஜினாமா கடிதத்தை எழுதிக் கொடுத்தவர், வாங்கி ஃபைலில் சேர்த்தவர், டீக்கடையில் பேப்பரைப் புரட்டிவிட்டு 'அது அவுக ஊர் விவகாரம்' என்றவர். யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை. 2006-ல் அப்போதைய கலெக்டர் உதயச்சந்திரன் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் விடாமல் பேசிய பிறகு, முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் நிலைத்தார்கள். போய்ப் பேசியபோது 'யார் சொல்றாக?' என்ற கேள்விக்கு முதல் தடவையாக முகங்கள் கிடைத்திருக்க வேண்டும்.

புத்தகத்தை வாங்க நினைப்பவர்கள் கொள்கை விளக்க அத்தியாயங்களைத் தாண்டிவிடலாம். இரண்டு சக வாத்தியார்கள் நடுவில் எழுந்து 'எங்களால் முடியாது' என்று விலகிப் போகிற பகுதியை மட்டும் விடாதீர்கள். (அவர்கள் இரண்டு பேரும் மில்கிராமின் ஆட்கள்தான்.) அதற்குப் பிறகு கடைசிவரை போனவர்கள் 40-ல் நாலே பேர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. துணைக்கு ஆள் இல்லாத சோதனையில், நிறுத்தியவர்கள் 14 பேர்தான். இங்கே நிறுத்திய 36 பேரைக் கேட்டபோது, பெரும்பாலோர் சொன்ன பதில்: 'அவர்கள் எழுந்திருக்காவிட்டாலும் நான் நிறுத்தியிருப்பேன்.'