கேட்போர் இல்லாத கவ்வாலி

ஸாப்ரி சகோதரர்களின் பழைய ஒளிப்பதிவு ஒன்றை ஓர் இரவு வீட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். குலாம் ஃபரீத் ஸாப்ரி ஓர் அடியை எடுத்தார். தம்பி மக்பூல் அதை வாங்கினார். பின்வரிசையினர் கைதட்டி அதையே பாடினர். மீண்டும் அவர் பாடினார், மீண்டும் இவர் பாடினார். ஏழோ எட்டோ முறை ஆனபின், பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் இளைய மகள் தலைநிமிர்ந்து, "வாப்பா, பாட்டு அங்கேயே சிக்கிக்கொண்டுவிட்டதா?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டேனே தவிர, உடனே சொல்ல விடை எழவில்லை. எத்தனையோ ஆண்டுகளாகக் கவ்வாலி கேட்டு வருகிறவன் நான். ஒலிநாடாவில் கேட்டிருக்கிறேன், திரைப்படத்தில் பார்த்திருக்கிறேன், தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அந்த அடி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணத் தொடங்கியபின், இதுகாறும் நான் கேட்டவற்றில் எது உயர்வு, எது தாழ்வு என்ற கணக்கே மாறிப்போயிற்று.

'கவ்ல்' என்னும் அரபுச் சொல்லுக்குக் கூற்று என்பது பொருள். கூறுகிறவர் கவ்வால். கூறுவது என்று வந்துவிட்டால் எதிரே கேட்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். சிஷ்தியா தரீக்காவின் தர்காக்களில் கவ்வாலி மஜ்லிஸ் அமைந்துள்ள முறையே இதற்குச் சான்று. தலைமைப் பாடகரும் ஆர்மோனியம் வாசிப்போரும் முன்வரிசையில் அமர்வர். கைதட்டிக் கூடப் பாடுவோரும் தாளக்கருவிக்காரரும் அவர்களை ஒட்டி அமர்வர். அவர்களுக்கு நேர் எதிரே பெரியவர்களும் முரீதுகளும் இருப்பர். பாடுகிறவரின் கண் கேட்போரின் முகத்தின் மீதே இருக்கும். யாரேனும் ஒருவர் ஓர் அடியில் உருகினால், அவருடைய நெஞ்சு அமைதி கொள்ளும் வரை அந்த அடியை விட்டு நகர்வது முறையன்று. வேறு கவிஞரின் அடியொன்றை இடையே முடிந்து, அதே பொருளை வேறு பக்கத்திலிருந்து காட்டிவிட்டு, பழைய அடிக்கே திரும்புவார் கவ்வால். ஆக, திரும்பப் பாடுவது பாடகர் தாமாகச் செய்யும் அலங்காரமன்று. கேட்டவர் உள்ளத்திற்கு அவர் அளிக்கும் மறுமொழி.

டில்லியில் அடங்கியிருக்கும் குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்கள் 1235 இல் மறைந்த வரலாற்றைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். ஸமா மஜ்லிஸில் பாரசீக ஈரடி ஒன்றைக் கேட்டு நிலை மறந்தார்கள். கவ்வால்கள் அந்த ஈரடியை விடாமல் நாட்கணக்கில் பாடினார்கள். அதிலேயே அவர்களின் உயிர் பிரிந்தது என்பர். அங்கே பாட்டு எப்போது முடிய வேண்டும் என்பதைப் பாடியவர்களா தீர்மானித்தார்கள்?

இசை ஆகுமா, ஆகாதா என்ற வழக்கினுள் நான் புகவில்லை. மார்க்க அறிஞர்களிடையே அதில் கருத்து வேறுபாடு இருப்பதை நம் இல்லங்கள் யாவும் அறியும். ஒரே வீட்டில் மூத்தவர் வானொலியை அணைக்க, இளையவர் திருப்பிப் போடுவதும் நாம் காண்பதுதான். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீ'னில் எடுத்துக்காட்டும் ஜுனைத் பக்தாதி (ரஹ்) அவர்களின் கூற்று ஒன்று, விமர்சகனுக்கும் அளவுகோலாகப் பயன்படுகிறது. ஸமாவுக்கு மூன்று வேண்டும்: உரிய காலம், உரிய இடம், உரிய தோழமை. கவ்வாலி தர்காவை விட்டுத் திரைக்கும், அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் சென்றபோது இம்மூன்றும் என்னவாயின என்று கேட்டுப் பார்க்கலாம். காலத்தையும் இடத்தையும் கலைஞர்கள் எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறார்கள். தோழமையில்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள்.

உருது அறியாத நமக்கு இது எட்டாத செய்தியன்று. ரபீஉல் அவ்வல் மாதத்தில் நம் வீடுகளில் சுப்ஹான மவ்லிது ஓதும்போது என்ன நிகழ்கிறது? ஓதுகிறவர் பைத்தை எடுக்க, சபை முழுவதும் அதன் முதலடியைத் திருப்பிச் சொல்கிறது. திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பெண்களின் உதடுகளும் அசைகின்றன. ஒருவர் தனி அறையில் அமர்ந்து அதே பைத்தை ஓதிப் பதிவு செய்து தந்தால் சொல் குறையாது, இராகமும் குறையாது. ஆயினும் ஏதோ ஒன்று குறையும்.

இந்தித் திரைப்படம் கவ்வாலியை ஏற்றுக்கொண்டது இன்று நேற்றன்று. 1945 இல் வெளிவந்த 'ஜீனத்' படத்தில் நூர்ஜஹான், ஜோஹராபாய், கல்யாணி ஆகிய மூவரும் பாடிய கவ்வாலி, பெண் குரல்களுக்கு அந்த வாசலைத் திறந்தது. 1960 இல் ரோஷன் இசையமைத்த 'பர்ஸாத் கீ ராத்' வந்தது. அதில் ஏறத்தாழ 12 நிமிடம் நீளும் கவ்வாலிப் போட்டி, திரையிசையில் ஒரு மைல்கல். மன்னா டே, ரஃபி, ஆஷா போஸ்லே, சுதா மல்ஹோத்ரா, பாதிஷ் என ஐந்து குரல்கள். ஸாஹிர் லுதியான்வியின் வரிகள். காதலில் தொடங்கும் பாட்டு இறைக்காதலின் எல்லையைத் தொட்டுவிட்டு வருகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அங்கே இரு கட்சியினர் ஒருவரை ஒருவர் வெல்லப் பாடுகின்றனர். எதிரே அமர்ந்தவர் தோழர் அல்லர், போட்டியாளர். கவ்வாலி என்றால் கேள்வியும் எதிர்க்கேள்வியுமாகச் சவால் விடுவது என்று பல தலைமுறை இரசிகர்கள் எண்ணிக்கொண்டதற்கு இந்த அழகிய பாட்டும் ஒரு காரணம்.

அதன்பின் சரிவு விரைவாக வந்தது. 1977 இன் 'அமர் அக்பர் அந்தோணி'யில் கவ்வால் அக்பராக வரும் ரிஷி கபூர், சபையில் முகத்திரையிட்டு அமர்ந்த பெண்ணைப் பார்த்து அத்திரையைப் பற்றியே பாடுகிறார். ரஃபியின் குரல் இனிமை, காட்சி கலகலப்பு, நானும் இரசித்தவன்தான். ஆனால் கேட்பவரின் உள்ளத்திரையை விலக்க வேண்டிய கலை, ஒரு பெண்ணின் முகத்திரையை விலக்கும் கேளிக்கையாக முடிந்தது. அதைப் பார்த்துக் கைதட்டியவர்களில் நம்மவர்களும் இருந்தோம்.

திரைப்படத்தால் இக்கலையைக் காட்டவே இயலாது என்று சொல்ல வரவில்லை. எம்.எஸ். சத்யுவின் 'கரம் ஹவா' (1973) இருக்கிறதே! பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் தங்கிவிட்ட ஒரு முஸ்லிம் குடும்பம் ஒவ்வொருவராகக் கரைந்துபோகும் கதை. அதில் ஃபதேபூர் சிக்ரியில் ஸலீம் சிஷ்தி (ரஹ்) அவர்களின் சமாதி அருகே ஒரு கவ்வாலி ஒலிக்கிறது. பாடியவர் ஐதராபாத்தின் அஜீஸ் அஹ்மத் கான் வார்ஸி, தம் குழுவினருடன். நடிகர் வாயசைக்க யாரோ பின்னணி பாடியதன்று அது. இழக்க இனி ஏதும் மிச்சமில்லாத ஒரு சமூகத்தின் மகள் அங்கே வந்து நிற்கிறாள், அவளுக்காகப் பாடப்படுகிறது. திரும்பி வரும் அடி ஒவ்வொரு முறையும் அவள் நிலையால் கனத்து வருகிறது.

நுஸ்ரத் ஃபதேஹ் அலி கானின் கதை இதைவிடச் சிக்கலானது. 1948 இல் ஃபைசலாபாத்தில் பிறந்து, 1971 இல் குடும்பக் குழுவின் தலைமையை ஏற்றவர். 1985 இல் இங்கிலாந்தின் மெர்ஸி தீவில் நடந்த 'வோமாட்' விழாவில் பாடினார். எதிரே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு உருதுவும் தெரியாது, பஞ்சாபியும் தெரியாது. சொல் போய்ச் சேராத இடத்தில் பாடகர் என்ன செய்வார்? குரலைக் கொண்டே பேசுவார். அவருடைய மின்னல்வேக ஸ்வரக்கோவைகள் மேலைநாட்டு மேடைகளில் பெற்ற இடத்தைப் பார்க்கையில், சொல்லின் இடத்தை ஸ்வரம் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது. இதைக் குறையென்று சொல்ல எனக்கு வாயில்லை. உருது சரிவரத் தெரியாமல் அவரைக் கேட்டுக் கண்கலங்கிய நானும் அந்தத் தீவுக்காரர்களின் வரிசையில் அமர்ந்தவன்தான்.

ஹாலிவுட் அவர் குரலை இரண்டு விதமாகப் பயன்படுத்திற்று. 1988 இல் வந்த 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்', நம் நம்பிக்கைக்கு மாறாக, ஈஸா நபி (அலை) அவர்கள் சிலுவையில் அறையப்படுவதைக் காட்டும் படம். பீட்டர் கேப்ரியேல் அமைத்த அதன் இசையில் நுஸ்ரத்தின் குரல் கலந்திருக்கிறது. அந்த ஒலிநாடா என் அலமாரியில் உள்ளது. என் தகப்பனார் இருந்திருந்தால் அது அங்கே இருந்திராது. 1995 இல் வந்த 'டெட் மேன் வாக்கிங்' வேறு வகை. மரணதண்டனைக்குக் காத்திருக்கும் கொலையாளி ஒருவனையும், அவனுக்கு ஆறுதலாக நிற்கும் கன்னிகாஸ்திரீயையும் பற்றிய படம் அது. அதில் 'பேர்ல் ஜாம்' குழுவின் எடி வெட்டருடன் சேர்ந்து இரண்டு பாடல்கள் பாடினார். மொழியும் மதமும் வேறான இருவர். ஆனால் ஒருவர் குரலுக்கு மற்றவர் செவி கொடுக்கிறார் என்பது கேட்டவுடன் தெரிகிறது. மரணத்தை எதிர்நோக்கும் மனிதனுக்கு முன் அந்தக் குரல் வருவது, காலமும் இடமும் பொருந்திய வருகை.

பம்பாய்த் திரையுலகம் அவருக்குச் செய்ததை மறக்க இயலவில்லை. ஸேவானில் அடங்கிய லால் ஷஹ்பாஸ் கலந்தர் அவர்களைப் பற்றிய பாட்டின் மெட்டை எடுத்து, 1994 இல் 'மொஹ்ரா' படத்தில் ஒரு பெண்ணின் கவர்ச்சியை வருணிக்கும் ஆட்டப்பாட்டாக ஆக்கினார்கள். 'மஸ்த்' என்ற சொல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. இறைக்காதலில் தன்னை மறந்தவரைக் குறிக்கும் சொல் அது. 1997 இல் 'ஔஸார்' என்ற படம் இன்னும் ஒருபடி சென்றது. 'அல்லாஹ் ஹூ' என்ற திக்ரின் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஐ லவ் யூ' அமர்ந்தது. நுஸ்ரத் இதற்கு மனம் நொந்து பேசினார். மெட்டுத் திருட்டைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். திரையிசையில் அது அன்றாட நிகழ்ச்சி. எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்ற நினைவே அற்றுப்போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 16 இல் இலண்டனில் அவர் மறைந்தார்.

அவருடன் 'வந்தே மாதரம்' ஒலிநாடாவில் சேர்ந்து பாடிய நம் ஏ.ஆர். ரஹ்மான், இந்தித் திரைக்குக் கவ்வாலியைத் திருப்பித் தந்தவர். ஆனால் தந்தவற்றில் இரண்டை எடுத்துக்கொண்டால் ஒன்றில்தான் எனக்கு முழு நிறைவு. 'ஜோதா அக்பர்' (2008) படத்தில் அஜ்மீர் குவாஜாவைப் போற்றி ரஹ்மானே பாடிய பாட்டு உருக்கமானது. காட்சியிலோ நீண்ட தொப்பியும் சுழலும் அங்கியுமாகக் கூன்யாவின் மௌலவி தர்வேஷ்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிஷ்தி நாயகத்தைப் பாட மௌலவி உடை எதற்கு? பார்வைக்கு அழகு என்பதைத் தவிர வேறு விடை இல்லை. 'ராக்ஸ்டார்' (2011) படத்தில் வரும் 'குன் ஃபயகூன்' அப்படியன்று. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளைஞன் நிஜாமுத்தீன் தர்காவில் ஒதுங்குகிறான். பாட்டு அவனுக்கு முன்பே அங்கே நடந்துகொண்டிருக்கிறது. அவன் கேட்கிறான், பணிவிடை செய்கிறான், பிறகுதான் பாடுவோரிடையே அமர்ந்து தானும் வாய் திறக்கிறான். கேட்டவன் பாடுகிறவனாக மாறும் அந்தச் சில நிமிடங்களில், அடி திரும்பி வருவதற்குக் காரணம் இருக்கிறது.

தொலைக்காட்சிக்கு வருவோம். பாகிஸ்தானில் 2008 இல் தொடங்கிய 'கோக் ஸ்டூடியோ', குளிர்பானக் கம்பெனி ஒன்றின் விளம்பரச் செலவில் பிறந்ததெனினும், பழைய கலாமை இளைஞர் செவிக்குக் கொண்டு சேர்த்ததை மறுப்பது நன்றியின்மை. 2015 இல் ஆதிஃப் அஸ்லம் அங்கே ஸாப்ரி சகோதரர்களின் 'தாஜ்தாரே ஹரம்' பாடியதைக் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். குரல் தூயது, வாத்தியக் கலப்பு கச்சிதம். ஆனால் அந்த அறையில் சபை இல்லை. காதில் ஒலிக்கருவி அணிந்து, கண்மூடிப் பாடுகிறார். அடி எத்தனை முறை வர வேண்டும் என்பது முன்னரே முடிவாகிவிட்ட கணக்கு. என் மகள் 'சிக்கிக்கொண்டதா' என்று கேட்ட அந்தப் பழைய பதிவில், குலாம் ஃபரீத் ஸாப்ரி கையை நீட்டி எதிரே யாரையோ பார்த்துப் பாடுகிறார். அந்த யாரோ ஒருவர் இங்கே இல்லை.

இடம் பிறழ்ந்தால் விளைவது இரசனைக் குறை மட்டுமன்று. 2014 இல் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியொன்றில் இடம்பெற்ற கவ்வாலியில் அஹ்லுல் பைத்தைக் குறிப்பிட்ட முறை தகாதது என்று வழக்கு எழுந்தது. குலாம் ஃபரீதின் மகன் அம்ஜத் ஸாப்ரிக்கு இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. மஜ்லிஸில் தலைமுறைகள் கேட்டுக் கண்ணீர் விட்ட பொருள், விளம்பரங்களுக்கிடையே வந்தபோது குற்றச்சாட்டாயிற்று. 2016 ஜூன் 22 அன்று, ரமளான் மாதத்தில், கராச்சித் தெருவில் காரில் சென்றுகொண்டிருந்த அம்ஜத் ஸாப்ரியைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் இறப்பதற்குமுன் நுஸ்ரத்தின் தம்பி மகன் ராஹத்துடன் சேர்ந்து 'கோக் ஸ்டூடியோ'வில் பாடிய 'ரங்', செப்டம்பர் மாதத்தில் வெளிவந்தது. அமீர் குஸ்ரூ அவர்களின் பாட்டு அது. சிஷ்தி மஜ்லிஸ்களில் நிறைவாகப் பாடுவார்கள். அப்போது சபையினர் எழுந்து நிற்பதும் உண்டு. சபையில்லாத அதே அறை, அதே ஒலிக்கருவிகள். ஆனால் பாடிய இருவரில் ஒருவர் மண்ணுக்குள் சென்றுவிட்டார் என்று தெரிந்தே மக்கள் அதைக் கேட்டார்கள். நான் மேலே சொன்ன குறைகளில் ஒன்றையும் அந்தப் பதிவின்மீது சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகள் கேள்வி கேட்ட அந்த இரவு, தந்தையின் பதிவு முடிந்ததும் மகன் பாடிய இந்த 'ரங்'கையும் போட்டேன். குலாம் ஃபரீதின் பிள்ளை இவர் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு நேர்ந்ததைச் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். முடிந்ததும், "அந்த இடத்தை இன்னொரு தடவை வையுங்கள், வாப்பா" என்றாள்.