அச்சில் வார்க்கப்படும் நாகரிகங்கள்

1991 இல் சிட் மையர் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’ என்னும் கணினி விளையாட்டின் பிற்காலப் பதிப்புகளிலே, ஆடுவோர் தாமே புதிய நாகரிகங்களை வடிவமைத்துச் சேர்க்கின்றனர். விடுபட்ட மக்களுக்கு இடந்தேடும் அம்முயற்சியை நாம் எள்ளி ஒதுக்கோம். எனினும், அவர்கள் நிரப்பும் படிவம் முன்னரே வரையப்பட்டது: ஓர் ஆட்சித்தலைவர், ஒரு சிறப்புத்திறன், ஒரு தனிப்படை, ஒரு கட்டுமானம். உழைப்போ ‘உற்பத்தி’ என்னும் வெறும் எண்ணாகச் சுருங்கிவிடுகின்றது. உழைத்தவன் யார், விளைவைக் கொண்டவன் யார் என்ற வினாவுக்கு அங்கு கட்டமே இல்லை.

படிவம் நடுநிலையானதன்று. 1885 இல் கனடிய அரசாற் சிறையிலிடப்பட்ட கிறீ தலைவர் பவுண்ட்மேக்கர், 2018 இல் ஆறாம் பதிப்பின் விரிவாக்கத்திலே பேரரசு கட்டும் தலைவராக்கப்பட்டார். பிறரை வென்று நிலங்கொள்ளும் குடியேற்றவாதியின் விழுமியமே தம் முன்னோர்க்கும் இருந்ததென்னும் கட்டுக்கதையை இது நிலைநிறுத்துவதாக, அச்சமூகத் தலைவருள் ஒருவர் கண்டித்தார். பறிகொடுத்தவனுக்குப் பறித்தவனின் சட்டையை அணிவித்து, அதனை அங்கீகாரம் என்பது விந்தையே!

நமக்கும் இதிற் பங்குண்டு. 2025 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலே சோழர் இடம்பெற்றமை கண்டு மகிழ்வோர், சோழர் கல்வெட்டுக்கள் கூறும் ‘வெட்டி’ என்ற ஊதியமற்ற கட்டாய உழைப்பினை அப்படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவர்?