கண்ணாடி இல்லாத வீடு

எடைக்குப் போட்ட புத்தகங்களைக் கிளறிப் பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. ஆவடியில் ஒரு பழைய பேப்பர் கடையில் அப்படிக் கிளறும்போது கிடைத்ததுதான் டாரதி கிளார்க் வில்சன் எழுதிய ‘கிரானி பிராண்ட்’. 1976-ல் வந்த இங்கிலீஷ் புத்தகம். முதுகு பிய்ந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. முப்பது ரூபாய். ராத்திரி இரண்டு மணி வரை படித்தேன். முடித்தபோது பிரமிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பிரமிப்பு அந்தக் கிழவி மேல். எரிச்சல் எழுதினவர் மேல்.

கிழவியின் பெயர் ஈவ்லின். லண்டனில் வசதியான வீட்டுப் பெண். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்கிற மிஷனரியைக் கல்யாணம் செய்துகொண்டு நம்ம கொல்லிமலைக்கு வந்து சேர்ந்தார். இப்போது 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே, வாந்தி எடுத்துக்கொண்டே நாம் பஸ்ஸில் ஏறுகிறோமே, அந்த மலைதான். அன்றைக்கு ரோடு கிடையாது. நடை அல்லது டோலி. மேலே இருந்தவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளாக்காரர்கள் இல்லை, தமிழ் பேசுகிற மலை மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள்.

ஜெஸ்ஸிக்கு லண்டனில் கற்ற கொஞ்சம் வைத்தியம் தெரியும். மிச்சத்துக்கு தச்சு, கொத்து வேலை, பள்ளிக்கூடம், விவசாயம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். காலில் நரம்புச் சிலந்திப் புழு வந்தவர்களுக்கு, அதை ஒரு குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல வெளியே இழுப்பார். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அவசரப்பட்டு அறுந்தால் சீழ் பிடிக்கும். படிக்கிணற்றில் கால் வைத்து இறங்கித் தண்ணீர் எடுத்தால் பரவுகிற நோய். இந்தியாவிலிருந்து அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுக்க 2000 ஆகிவிட்டது.

1929 ஜூனில் ஜெஸ்ஸி போய்ச் சேர்ந்தார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப் போகிற காய்ச்சல். ஈவ்லினுக்கு அப்போது ஐம்பது வயது. யாராக இருந்தாலும் ஊருக்குப் போய் ரோஜாச் செடி வளர்த்திருப்பார்கள். இந்தம்மா திரும்பி வந்தார். மிஷன் அவரை சமவெளியில் வேலை செய்ய விட்டது. எழுபதை நெருங்கும்போது ரிட்டயர் ஆகச் சொன்னது. “சரி” என்று ரிட்டயர் ஆகி, சொந்தப் பொறுப்பில் மறுபடி மலை ஏறிவிட்டார்! கொல்லிமலை போதாதென்று பச்சைமலை, கல்வராயன் மலை. மட்டக்குதிரையில் போனார், இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார், இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

இப்படி ஒரு வாழ்க்கை கையில் கிடைத்தால் யார் எழுதினாலும் புத்தகம் ஓடும். வில்சன் கைதேர்ந்த ஆள் வேறு. வேலூர் ஐடா ஸ்கடர் கதையையும் எழுதியவர். நாவல் மாதிரி விறுவிறுவென்று கொண்டு போகிறார். என் எரிச்சல் வேறு. கேமரா எப்போதும் பங்களா திண்ணையில் இருந்துதான் மலையைப் பார்க்கிறது. மலையிலிருந்து ஒரு தடவையாவது திண்ணையைப் பார்த்திருக்கலாம்.

பூசாரி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிராண்ட் தம்பதி வந்து வருஷக்கணக்காகியும் ஒருவர்கூட மதம் மாறவில்லை. எதிர்ப்புக்கு முன்னால் நின்றவர் உள்ளூர்ப் பூசாரி. 1918-19 விஷக் காய்ச்சல் மலைக்கும் வந்தது. இவர்கள் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகப் போய் ஊற்றினார்கள். கடைசியில் பூசாரியும் படுத்தார். சாகும்போது கைக்குழந்தையை, யாரை எதிர்த்தாரோ அவர்களிடமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் குழந்தை ரூத். அதற்கப்புறம்தான் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள்.

மிஷனரி பக்கம் இது வெற்றிக் கதை. எனக்கு அந்தப் பூசாரி மேல்தான் கண். திடீரென்று ஒரு வெள்ளைக்காரர் வந்து உங்கள் சாமி சாமியே இல்லை என்கிறார். கூடவே உங்கள் பிள்ளையின் புண்ணுக்கு மருந்தும் போடுகிறார். எதிர்க்காமல் என்ன செய்வது? எதிர்த்தவரை வில்லன் ஆக்குவது சுலபம். சாகும்போது அவர் எடுத்த முடிவு பக்தியா, கையாலாகாத்தனமா, இல்லை ஆட்களைச் சரியாக எடை போடத் தெரிந்த ஒரு தகப்பனின் கணக்கா? நான் மூன்றாவது கட்சி. இதை ரூத்தின் வாயால் கேட்டால் எப்படி இருந்திருக்கும்!

எல்லாமே மதம் மாற்றத்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. மதம் பரப்பத்தான் வந்தார்கள், அவர்களே அதை மறைக்கவில்லை. ஆனால் ரிட்டயர் ஆன பிறகு, இடுப்பு உடைந்த கிழவி மழையில் மலை ஏறுவதை அந்த ஒரு வரி விளக்காது.

விளக்குகிற புத்தகம் ஒன்று இருக்கிறது. மகன் பால் பிராண்ட், பிலிப் யான்ஸியோடு சேர்ந்து 1993-ல் எழுதிய ‘பெயின்: த கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்’. வலி என்பது யாரும் விரும்பாத ஒரு பரிசு என்று அர்த்தம். 1914-ல் மலையிலேயே பிறந்து தமிழ் பேசி வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோய்க் கைகளைச் சரிசெய்த உலகப் பிரசித்தி பெற்ற சர்ஜன். காட்பாடி போக எங்கள் ஆவடி வழியாக ரயிலில் ஃபைலும் எக்ஸ்ரேயுமாகக் கடந்துபோகிற வங்காளிக் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் இவர் ஞாபகம் எனக்கு வரும்.

வில்சன் செய்யாததை மகன் செய்கிறார். பெற்றோரின் பயத்தை எழுதுகிறார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது தொழுநோயாளிகள் மூன்று பேர் மலை ஏறி வருகிறார்கள். யாருக்கும் அஞ்சாத அப்பா, அன்றைக்குக் கையுறை போட்டுக்கொண்டு காலுக்குக் கட்டுப் போடுகிறார். அம்மா ஒரு கூடையில் பழம் வைத்துக் கொடுக்கிறார். வந்தவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டு கூடையை விட்டுப் போகிறார்கள். அதைத் தொடக்கூடாது என்கிறார்கள், கூடையை எரிக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் குளியல்.

இதைப் படித்தபோது திருவள்ளூர் வீரராகவர் கோயில் அமாவாசைக் கூட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. என் அம்மா, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒருவர் விடாமல் காசு போடுவார். விரல் இல்லாத கை நீண்டால் மட்டும் ஒரு முழம் உயரத்திலிருந்து போடுவார். காசு தட்டில் விழுகிற சத்தம்கூட வேறு மாதிரி கேட்கும். நானும் அப்படியே போட்டிருக்கிறேன். ஒரு வயசு வரைக்கும் அதுதான் மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

கூடையை எரித்த வீட்டுப் பையன், வேலூருக்கு வந்த புதிதில் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஒரு நோயாளியின் மடங்கிப்போன கைக்குள் தன் கையை விட்டு, அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார். சுளீரென்று வலிக்கிறது! செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த கையில் அவ்வளவு பலம். அங்கேதான் பொறி தட்டுகிறது. விரல்களை நிமிர்த்துகிற சின்னத் தசைகள்தான் போயிருக்கின்றன, முன்கைத் தசை நன்றாக இருக்கிறது. அதன் தசைநாரை எடுத்து வேறு வழியாகத் திருப்பிக் கட்டினால் விரல் நிமிரும். அடுத்தது, விரல்கள் அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுடுகிறது, வெட்டுகிறது, ராத்திரி எலி கடிக்கிறது. ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். கதை அல்ல, நடந்தது.

ஆபரேஷன் ஆன சிலர், இந்தக் கையை நீட்டினால் யாரும் பிச்சை போடுவதில்லை என்று புகார் சொன்னார்களாம். அதற்கு டாக்டர் செய்தது தச்சுவேலை கற்றுக்கொடுத்தது. மருத்துவம் படிப்பதற்கு முன்னால் அவரே ஐந்து வருஷம் கட்டட வேலை பழகியவர். அப்பா வழி.

அப்பாவோடு இருந்ததோ ஒன்பது வயது வரைக்கும்தான். 1923-ல் குடும்பம் லண்டன் போனது. பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலும் தங்கை கோனியும் படிப்புக்காக அம்மாவின் சகோதரிகள் வீட்டில் தங்கினார்கள். 1929-ல் அப்பா இறந்த தந்தி வந்தது. தந்திக்குப் பிறகும், கப்பலில் வந்துகொண்டிருந்த அப்பாவின் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பிறகு துறைமுகத்தில் இறங்கிய கூனிய உருவத்தைத் தன் அம்மா என்று அவரால் நம்ப முடியவில்லை.

எதிர் ஃபிளாட் அக்கா ‘கிரானி பிராண்ட்’டை வாங்கிப் போய் ஒரு வாரம் வைத்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கெழுதி ரிட்டயர் ஆனவர். ஒரே பையன் நியூஜெர்ஸியில். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்:

“மலை ஏறினதெல்லாம் இருக்கட்டும் தம்பி. ரெண்டு பிள்ளைங்களையும் லண்டன்ல விட்டுட்டுக் கப்பல் ஏறினப்போ அந்தம்மாவுக்கு எப்படி இருந்துச்சாம்?”

“அந்தம்மா பக்கம் எனக்குத் தெரியாது, அக்கா. பையன் பக்கம் வேணா இதுல இருக்கு” என்று இரண்டாவது புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படியிலேயே நின்று முதல் பக்கத்தைப் பிரித்தார்.