நெய்தல் சிறுகாட்சி ஓவியங்களில் விடுபடும் ‘செய்தி’: பழவேற்காடு, எண்ணூர்க் கரைகளை முன்வைத்து

கோடைக்காலத்தில் கடற்கரையிலும் கழிமுகத்திலும் அமர்ந்து, கண்டதைச் சிறிய தாளில் அங்கேயே வரையும் வழக்கம் ஓவிய மாணவரிடையேயும் வாரயிறுதி ஓவியரிடையேயும் காணப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடும் அதற்குத் தெற்கிலுள்ள எண்ணூரும் இதற்கேற்ற களங்கள். இவ்வோவியங்களை வண்ணத்திறனால் மட்டும் மதிப்பிடுதல் போதாது. தொல்காப்பியம் கருப்பொருளுள் ஒன்றாக வைத்த ‘செய்தி’, அதாவது திணைக்குரிய தொழில், அவற்றில் இடம்பெறும் முறையையும் நோக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கோடை வெயிலும் காற்றும் நீர்வண்ணத்தை விரைந்து உலர்த்துகின்றன. நண்பகலில் நிழல் குறுகி உருவங்கள் தட்டையாகின்றன. எனவே ஓவியர் காலையையோ மாலையையோ தேர்கின்றனர். நெய்தலுக்குச் சிறுபொழுதாக எற்பாட்டை வகுத்த மரபோடு மாலைத் தேர்வு இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் விரைவு சுருக்கத்தை வேண்டுகிறது. சுருக்கமோ எதை விடுவது என்ற முடிவை வேண்டுகிறது. நிலமும் பொழுதும் மரமும் புள்ளும் எளிதில் தாளேற, தொழிலே பெரும்பாலும் விடுபடுகிறது.

இவ்விடுபடலுக்கு முன்வரலாறு உண்டு. 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. உழைப்பைப் போற்றும் அச்சிலையில் அது நிற்கும் கரையின் தொழில் இல்லை. அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகளால் அறியப்பட்டவர். 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது அவர் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு நகர்ந்திருந்தார். கடலருகே குடியேறிய இயக்கத்தின் முதன்மை நாட்டம் கடற்காட்சியாக அமையவில்லை எனலாம்.

பழவேற்காட்டு ஏரியில் நடப்பட்ட கம்புகள் ஓவியருக்கு நீர்ப்பரப்பைப் பகுக்கும் செங்குத்துக் கோடுகள். மீனவருக்கோ அவை சுத்துவலை இடும் இடங்கள். அவ்விடங்களை முறைவைத்துப் பகிரும் ஊர்வழக்கே ‘பாடு’. முட்டளவு நீரில் கையால் இறால் தடவும் இருளர் தாளில் சில கரும்புள்ளிகளாகச் சுருங்குகின்றனர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை நிலவுகிறது. அந்நாள்களில் காசிமேட்டில் அணிவகுத்து நிற்கும் படகுகள் ஓவியத்தில் அமைதியாகத் தோன்றும். அவ்வமைதி உண்மையில் வருவாயற்ற இரு மாதங்கள்.

எண்ணூரில் விடுபடல் மேலும் வெளிப்படையானது. கழிமுகத்தின் கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் நிற்கின்றன. பார்வையைச் சற்றே திருப்பினால் அவை சட்டகத்துக்கு வெளியே போய்விடும். 2017இல் வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ இந்நிலத்தை அதன் சிதைவோடு பாடியது. சிறுகாட்சி ஓவியம் அத்துணிவை இன்னும் முழுமையாகப் பெறவில்லை.

ஓவியம் ஆவணமன்று, அழகே அதன் நோக்கம் என மறுக்கலாம். எனினும், நேரில் வரைந்தது என்பதையே தன் சிறப்பாகக் கூறும் கலை, நேரில் இருந்ததற்குப் பொறுப்பேற்கவும் வேண்டும். புகைபோக்கியும் வலைக்கம்பும் அழகுக்கு ஊறு செய்வன அல்ல. நெய்தல் இன்று எத்தகைய நிலம் என்பதை உணர்த்துவன. அவற்றை உட்கொண்ட சிறு தாளே இரங்கல் என்னும் உரிப்பொருளை எட்டும்.