ஒரு கடையின் தல புராணம்

கதை கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். என் பிழைப்பே அதுதான். மட்டமாகக் கட்டினால்தான் கோபம் வருகிறது.

நியூயார்க் நகரத்துக் கோனி தீவில், 1916-ல் 'நேதன்ஸ்' ஹாட் டாக் கடை தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 4 அன்று, குடியேறிகள் நால்வர் தம்மில் யாருக்குத் தேசபக்தி அதிகமென்று அங்கே தின்று காட்டிப் போட்டியிட்டார்களாம்! விளம்பரத்துக்காகப் புனைந்த கதை அது என்று, புனைந்தவர்களில் ஒருவரான மார்ட்டிமர் மாட்ஸ் 2010-ல் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கதையில் பசி இல்லை. மெய்க்கதையில் இருக்கிறது. போலந்துப் பகுதியிலிருந்து வந்த நேதன் ஹேண்ட்வெர்க்கர், ஹாட் டாக் பத்து சென்ட்டுக்கு விற்ற ஃபெல்ட்மன் கடையில் ரொட்டி வெட்டியவர். பிறகு தனிக்கடை போட்டு ஐந்து சென்ட்டுக்கு விற்றார். பழைய முதலாளியின் விலையைப் பாதியாக்கிய அன்றிரவு, அந்த மனிதர் நிம்மதியாக உறங்கியிருப்பாரா?