மிருசுவிலை மன்னிக்க உரியவர் யார்?

புத்தூர்ச் சந்தியிலிருந்து வண்ணாத்திப் பாலத்தைக் கடந்து போகும் வீதி மீசாலையில் ஏ9 வீதியைத் தொடுகிறது. அங்கிருந்து கொடிகாமம் தாண்டினால் மிருசுவில். 1995 இடப்பெயர்வில் புத்தூர் உள்ளிட்ட வலிகாமத்துச் சனங்களுக்கு ஒதுங்க இடம் தந்தது இந்தத் தென்மராட்சிதான். 2000இல் சண்டையால் அதுவும் வெறிச்சோடியது. அவ்வாண்டு டிசம்பரில், வடமராட்சியில் தஞ்சமடைந்திருந்த மிருசுவில்காரர் சிலர் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போனார்கள். ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கழுத்து அறுக்கப்பட்டு மலக்குழியில் போடப்பட்டனர். ஒருவர் தப்பி வந்து சொன்னதால்தான் உலகுக்குத் தெரிந்தது.

வழக்கு 2015 வரை இழுபட்டது. கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவச் சார்ஜன் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரை விடுவித்தது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் தீர்ப்பை ஒருமனதாக உறுதி செய்தனர். 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின் நடுவே, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவரை மன்னித்து விடுவித்தார்.

இதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவை எல்லாம் வெறும் இனவாதம் அல்ல. ஒரு சார்ஜன் மட்டுமே தண்டிக்கப்பட்டார், அவருக்கு மேலிருந்த எவருக்கும் தண்டனை இல்லை என்பது உண்மை. ஆனால் அது மேலிருந்தவர்களையும் விசாரிக்கச் சொல்லும் வாதம். இவரை விடுவிக்கச் சொல்லும் வாதமாகாது. தூக்கு என்பது பழிவாங்கல் என்ற வாதம் இன்னும் வலியது. நானும் தூக்குக்கு எதிரானவன். இலங்கையில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை தண்டனையைக் குறைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் தருகிறது. ஆயுள் சிறையாக மாற்றியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். 'சிறையிலுள்ள படையினரை விடுவிப்பேன்' என்று வாக்குக் கேட்டு வென்றவருக்கு அது போதவில்லை.

இரு வீட்டார் நடுவே மன்னிப்பு எப்படி நிகழும் என்பதற்குத் தமிழர் அறிந்த நிகழ்வு ஒன்று உண்டு. 2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி வேலூர்ச் சிறைக்குப் போய், தன் தந்தையின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினியைப் பார்த்தார். தகப்பனை இழந்த மகள் தன் மனச் சமாதானத்துக்காகத் தானே எடுத்த முடிவு அது. அதற்குள் நளினியின் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டிருந்தது. தீர்ப்பை யாரும் அழிக்கவில்லை. குற்றம் குற்றமாகவே நின்றது, அதன் முன்னால் இரு பெண்கள் உட்கார்ந்து பேசினார்கள். மிருசுவிலில் எல்லாம் தலைகீழ். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பேச வேண்டிய இடத்தில், கொன்ற படையின் தலைவரே பேசி முடித்துவிட்டார். மன்னிப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் உரிமைகூட அவர்களுக்கு மிஞ்சவில்லை. ஆகவே இதை மன்னிப்பு என்று ஏற்க முடியாது. தன் ஆளைத் தானே மீட்டுக்கொண்ட செயல் இது.

சட்டத்திலும் இதற்கு அளவுகோல் உண்டு. மரணதண்டனைக் கைதியை மன்னிக்குமுன் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதியமைச்சரின் பரிந்துரை ஆகியவை பெறப்பட வேண்டும். கொலை வழக்கொன்றில் மரணதண்டனை பெற்றிருந்த துமிந்த சில்வாவுக்கு இதே கோட்டாபய 2021இல் அளித்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. அந்த வழக்கில் கொல்லப்பட்டவர் பெயர்பெற்ற சிங்கள அரசியல்வாதி. நீதிமன்றம் போக அவர் மகளுக்குச் செல்வாக்கும் குரலும் இருந்தன. மிருசுவில் மன்னிப்புக்கு எதிராகவும் மனுக்கள் தாக்கலாகின. கொழும்பு வீட்டுக்கு எடுத்த அதே தராசைத் தென்மராட்சி வீடுகளுக்கும் நீதிமன்றம் எடுக்க வேண்டும்.